ஒரு பிளேடு எத்தனை ஷேவுக்கு வரும்?

தென்காசிச் சாரல்:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதத்துக்கு முன்னால் கார்ட்ரிட்ஜ் ரேசரை விட்டுவிட்டுப் பழைய ஷேவிங் செட்டுக்கு மாறினேன். மேல்மூடி, அடித்தட்டு, திருகுகிற கைப்பிடி, நடுவே இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடு. அப்பா பல வருடம் பயன்படுத்திய செட்தான். மேல்பூச்சு அங்கங்கே தேய்ந்து பித்தளை தெரிகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை.

ஷேவ் ரொம்பப் பிடித்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் பிடிபடவில்லை. பிளேடை எப்போது மாற்றுவது? மளிகைக் கடைக்காரர் ஒரு வாரம் வரும் என்றார். அலுவலகத்தில் ஒருவர் இரண்டு ஷேவுக்கு மேல் தொடவே மாட்டாராம். எங்கள் சித்தப்பா ஒரே பிளேடில் மாதத்தை ஓட்டிவிடுகிறார். நான் சித்தப்பா வழியில் போய்ப் பதினான்கு ஷேவ் வரை இழுத்துப் பார்த்தேன். இப்போது தாடைக்குக் கீழே கழுத்து முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளம். சட்டைக் காலர் பட்டாலே எரிகிறது.

தினமும் ஷேவ் செய்கிறேன். முடி கொஞ்சம் முரடு. பிளேடு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எத்தனை முறை என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. உங்கள் கணக்கு என்ன? எதை வைத்து மாற்றுகிறீர்கள்?

பழைய செட்:

தம்பி, முதலில் அந்தப் பிளேடைத் தூக்கிப் போடுங்கள். கொப்புளம் ஆறும்வரை கழுத்தில் கத்தியே வைக்க வேண்டாம்.

நான் இருபத்தைந்து வருடமாக இந்தச் செட்டில்தான் ஷேவ் செய்கிறேன். என் கணக்கு ஐந்து. தினமும் ஷேவ், நடுத்தரமான முடி. ஆறாவது ஷேவும் போகும், ஆனால் போகும் என்பதற்காகப் போகக் கூடாது. இதே ஐந்து உங்களுக்கு மூன்றாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம். கடைக்காரர் சொன்னதும் தப்பில்லை, உங்கள் நண்பர் சொன்னதும் தப்பில்லை. ஒவ்வொருவரும் அவரவர் முகத்தைச் சொல்கிறார்கள்.

எண்ணிக்கையைக் கேட்டீர்கள், நான் அடையாளத்தைச் சொல்கிறேன். முகத்தில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அது இடது பக்கம், உதட்டு ஓரத்துக்குக் கீழே தாடை வளைகிற மூலை. அங்கேதான் முடி அடர்த்தி, வளைவும் அதிகம். நல்ல பிளேடு அந்த இடத்தில் சரசரவென்று சன்னமாகச் சத்தம் போட்டுக்கொண்டு போகும். கூர் இறங்கிய பிளேடு அங்கே ஒரு கணம் நிற்கும். அறுக்காது, முடியைப் பிடித்து இழுக்கும். வேறு எங்கும் தெரியாது, அந்த மூலையில் மட்டும் தெரியும். அதுதான் கடைசி ஷேவ். அடுத்த நாள் புதுப் பிளேடு.

இரண்டாவது அடையாளம் படிகாரம். ஷேவ் முடிந்து பச்சைத் தண்ணீரில் கழுவியதும் படிகாரக் கல்லை முகம் முழுக்கத் தடவுவேன். முதல் மூன்று நாள் லேசாகச் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். பிளேடு மழுங்க மழுங்க அந்தச் சுருக் எரிச்சலாக மாறும். தோலைச் சுரண்டிய இடத்தைப் படிகாரம் காட்டிக்கொடுத்துவிடும்.

கூர் இறங்கியது தெரியாமல் நம் கை தானாக அழுத்த ஆரம்பிக்கும். உங்கள் கழுத்தைப் புண்ணாக்கியது அந்த அழுத்தம்தான் என்று நினைக்கிறேன். செட்டின் கனமே போதும், கை அதை வழிநடத்தினால் போதும். அழுத்த வேண்டியிருக்கிறது என்று தோன்றினால் பிளேடு முடிந்தது என்று அர்த்தம்.

ஈரோட்டு மஞ்சள்:

நான் உங்கள் சித்தப்பா கட்சி. ஒரு பிளேடு எனக்கு இருபது நாள் வரும். எனக்கு மெல்லிய முடி, தாடி கன்னத்தில் சரியாக வளராது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஷேவ், முடி வளருகிற வாக்கில் ஒரே இழுப்பு, எதிர்வாக்கில் போவதே இல்லை. அப்படிப் பார்த்தால் இருபது நாள் என்பது பத்து ஷேவ்தான். அதையும் கவனியுங்கள், நாள் கணக்கு வேறு, ஷேவ் கணக்கு வேறு. உங்கள் சித்தப்பா வாரத்துக்கு இரண்டு முறை ஷேவ் செய்பவராக இருந்தால் அவருடைய ஒரு மாதம் எட்டு ஒன்பது ஷேவில் முடிந்துவிடும். நீங்கள் பதினான்கு நாளில் அவரைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

எரிச்சல் இல்லாதவரை நீட்டுவதில் தப்பே இல்லை. தேவையில்லாமல் ஒரு பொருளைக் குப்பையில் போட எனக்கு மனது வராது.

உலோகம் படிப்பவன்:

ஈரோட்டு அண்ணன் சொன்ன நாள் கணக்கு, ஷேவ் கணக்கு விஷயம் முக்கியமானது. இன்னும் ஒரு படி போகலாம். ஒரே ஷேவில் மூன்று முறை முகத்தைச் சுற்றி வருபவருக்கும் ஒரு முறை வருபவருக்கும் பிளேடு படுகிற பாடு ஒன்றல்ல. எத்தனை முடியை அறுத்தது என்பதுதான் உண்மையான கணக்கு.

உலோகவியல் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிளேடின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஏறக்குறைய 13 சதவீதம் குரோமியம், ஒரு சதவீதத்துக்கும் குறைவான கார்பன் உள்ள ஸ்டெயின்லெஸ் எஃகு. ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்தால் எஃகு கடினமாகும். பிறகு சாணை பிடித்து, வாய்ப்பகுதியில் குரோமியம், பிளாட்டினம் போன்றவற்றால் மெல்லிய பூச்சு. அதற்கும் மேலே டெஃப்லான், நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கிறதே அதே இனம். முடியினூடே பிளேடு வழுக்கிப் போவது இந்த மேல்பூச்சால்தான். முதல் சில இழுப்புகளில் முனையின் நுனியில் இருக்கிற டெஃப்லான் ஒதுங்கிவிடும். முதல் ஷேவைவிட இரண்டாவது இதமாக இருக்கிறது என்று பலர் சொல்வதற்கு அது ஒரு காரணம்.

சரி, மழுங்குவது எப்படி? முடியைவிட இந்த எஃகு சுமார் 50 மடங்கு கடினம். அப்படியிருக்க முடி எப்படி எஃகைக் கெடுக்கும் என்று எனக்கும் புரியாமல்தான் இருந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இதையே ஆராய்ந்து 2020இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். ஆய்வாளர்களில் ஒருவர் சாதாரண ரேசரால் தானே ஷேவ் செய்து, ஒவ்வொரு முறையும் பிளேடின் வாயை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். நாம் நினைப்பதுபோல் முனை உருண்டு தேய்ந்திருக்கவில்லை. அங்கங்கே சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. ஒவ்வொரு சில்லும் முடியின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு அளவு.

அப்புறம் நுண்ணோக்கிக்கு உள்ளேயே ஒரு சின்னக் கருவியை வைத்து முடியை அறுத்துப் பார்த்தார்கள். முடி அசையாமல் நேராக நின்றால் பிளேடுக்கு ஒன்றும் ஆகவில்லை. முடி வளைந்து சாய்ந்து, பக்கவாட்டில் முட்டுகிறபோது, எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில் விரிசல் விட்டுச் சில்லு பெயர்கிறது. எஃகு கடினமாக இருந்தால் மட்டும் போதாது, நுண்ணிய அளவிலும் சீராக இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கண்டது. அவர்கள் பார்த்தது சில ஷேவுக்குப் பிறகு முழுதாகத் தூக்கிப்போடுகிற ரேசரின் பிளேடு. நம் பிளேடின் எஃகும் அதே குடும்பம் என்பதால் இங்கே சொல்கிறேன்.

ஆகவே ஒரே பாக்கெட்டில் ஒரு பிளேடு ஆறு ஷேவும் இன்னொன்று நான்கும் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எந்த இடத்தில் முதல் சில்லு பெயரும் என்பது பிளேடுக்குப் பிளேடு மாறும்.

தென்காசிச் சாரல்:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. தோல் இழுபடுகிற உணர்வு எனக்கு ஏழாவது எட்டாவது நாளிலேயே இருந்தது, அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டேன்.

இன்னொரு கேள்வி. கண்ணாடி டம்ளரின் உட்பக்கம் பிளேடைத் தேய்த்தால் கூர் திரும்பும் என்று சித்தப்பா சொல்கிறார். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பருத்தித்துறை:

நான் இப்ப டொராண்டோவில் இருக்கிறேன். இந்தக் கேள்வி என்னை எங்கேயோ கொண்டுபோய் விட்டது.

தொண்ணூறுகளில் இலங்கையின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலம். சவர்க்காரமே கிடைக்காது, பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்திருக்கிறோம். அந்த நேரம் அப்பாவிடம் இருந்தது ஒரு பிளேட். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், முகம் வழிக்காமல் படலை தாண்ட மாட்டார். கிழமைக்கு மூன்று தரம், காலமை கிணற்றடியில் இருந்து, தேத்தண்ணி குடிக்கிற கண்ணாடிக் கிளாசுக்குள்ளே சொட்டுத் தண்ணீர் விடுவார். பிளேட்டை உள்ளே வைத்து நடுவிரலால் மெதுவாக அமர்த்தி இந்தப் பக்கம் பத்துத் தரம், புரட்டிப்போட்டு அந்தப் பக்கம் பத்துத் தரம். கிளாசின் வளைவும் பிளேட்டின் வளைவும் பொருந்தி இருக்க வேணும் என்று எனக்குக் காட்டித் தந்தார். அந்தச் சத்தம் இப்பவும் என் காதில் இருக்கிறது. ஒரே பிளேட்டில் இரண்டு மாதம் வழித்தார்.

வழித்து முடிய முகம் செக்கச் சிவந்துபோய் இருக்கும். அம்மா தேங்காய் எண்ணெய் பூசிவிடுவா. ஆகவே தம்பி, அது செய்யக்கூடிய காரியம்தான், நாங்கள் செய்திருக்கிறோம். ஆனால் அது வேறு வழியில்லாத காலத்துக் காரியம். பக்கத்துக் கடையில் பிளேட் இருக்கிற உங்களுக்கு அது தேவையில்லை.

உலோகம் படிப்பவன்:

பருத்தித்துறை அண்ணா, உங்கள் அப்பா செய்தது வெறும் நம்பிக்கை இல்லை. வாய் பெயராமல் ஒரு பக்கமாக மடங்கியிருந்தால், கண்ணாடியில் தேய்க்கும்போது அந்த மடிப்பு நிமிரும். பூச்சு எதுவும் இல்லாத பழைய கார்பன் எஃகுப் பிளேடுகளில் இது இன்னும் நன்றாக வேலை செய்திருக்கும்.

இப்போதைய பிளேடில் இரண்டு தடங்கல். கண்ணாடியில் தேய்த்தால் மேலே இருக்கிற டெஃப்லான் சுரண்டப்பட்டுவிடும். பெயர்ந்துபோன சில்லையும் கண்ணாடி திருப்பி ஒட்டித் தராது. ஜீன்ஸ் துணியில் தேய்ப்பதும், உள்ளங்கையில் தேய்ப்பதும் இதே கதைதான். கை வெட்டுப்படுகிற ஆபத்து வேறு. பூத்துவாலையால் பிளேடைத் துடைப்பதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கச் சொல்வேன், துணியின் நூல் வாயில் மாட்டும்.

சலூன் நாற்காலி:

நான் முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். என் பக்கத்தையும் சொல்கிறேன்.

எங்கள் தாத்தா காலத்தில் அடைப்பத்தில், அதாவது சவரப் பெட்டியில், ஒரே சவரக்கத்திதான். சாணைக்கல்லில் தீட்டி, தோல் வாரில் மேலும் கீழும் இழுத்து, ஊர் முழுக்க அதே கத்தி. அப்பா காலத்தில் இந்தப் பிளேடு வந்தது. ஆனால் ஒரு பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் மாட்டி ஐந்தாறு பேருக்குச் செய்வார்கள், நடுவில் கிருமிநாசினியில் நனைப்பதோடு சரி. எய்ட்ஸ் விழிப்புணர்வு வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. ஆளுக்கு ஒரு புதுப் பிளேடு என்று கேட்டு வாங்கும்படி ஜனங்களுக்கே சொல்லிக்கொடுத்தார்கள். அதை நான் மனதார வரவேற்றேன். இன்றும் என் கடையில் நாற்காலியில் உட்கார்ந்தவர் கண் முன்னால்தான் காகிதத்தைப் பிரிப்பேன்.

ஒடிப்பதைக் காகிதத்தோடு சேர்த்தே செய்ய வேண்டும். நீளவாக்கில் இரண்டு விரலால் மெல்ல வளைத்தால் நடுப்பிளவில் டக்கென்று இரண்டாகும். வாய் விரலில் படாது. ஒரு பாதி ஒருவருக்கு, அடுத்த பாதி காகிதத்துக்குள்ளேயே அடுத்தவருக்கு. திருப்பதி கல்யாணகட்டாவில் முடி காணிக்கைக்குப் போகிறவர் கையில் டோக்கனோடு பிளேடும் தருகிறார்களே, அதுவும் இதற்காகத்தான்.

ஆக என் தொழிலில் எத்தனை ஷேவ் என்ற கேள்வியே இல்லை. ஆனால் அரைப் பிளேடு ஒரே ஆளுக்கு எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியும். பத்து நாள் தாடியோடு வந்து உட்காருபவர் முகத்தில், ஒரு கன்னம் முடிந்து மறு கன்னம் போகும்போதே கை வித்தியாசத்தைச் சொல்லும். அப்போது யோசிக்காமல் மறு பாதியை மாட்டிவிடுவேன். வாரக்கணக்கில் தாடி விட்டுவிட்டு வீட்டில் எடுக்கிறவர்கள், முதலில் டிரிம்மரால் குறைத்துவிட்டுப் பிளேடை வையுங்கள். இல்லையென்றால் அந்த ஒரே ஷேவில் பிளேடு முடிந்துவிடும்.

நனைப்பதற்கு அவசரப்படாதீர்கள். நான் வெந்நீர்த் துண்டை முகத்தில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். இரண்டு மூன்று நிமிடம் ஊறிய தாடி வேறு, அப்படியே தண்ணீர் தெளித்த தாடி வேறு. ஊறாத முடியில் எந்தக் கம்பெனிப் பிளேடும் நிற்காது.

வெள்ளை உடுப்பு:

தோல் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். தென்காசித் தம்பி, உங்கள் கழுத்தைப் பார்க்காமல் என்னவென்று சொல்ல முடியாது. மழுங்கிய பிளேடால் முடிக்காலைச் சுற்றி வீங்கிச் சீழ் வைப்பது உண்டு. எதிர்வாக்கில் ஒட்ட மழித்த சுருட்டை முடி திரும்பத் தோலுக்குள்ளேயே வளர்ந்து முடிச்சாவதும் உண்டு. இரண்டும் பார்க்க ஒன்றுபோலத் தெரியும், கவனிப்பு வேறு. ஒரு வாரத்தில் ஆறவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாகக் களிம்பு வாங்கிப் போடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பை முகத்தில் தேய்த்துக்கொண்டு வருபவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

எண்ணிக்கை கேட்டால், அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் சொல்வது ஐந்து முதல் ஏழு ஷேவுக்குள் பிளேடை மாற்றுங்கள் என்பது. நான் வருகிறவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன். முகப்பரு உள்ளவர்களிடம் இன்னும் குறைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஒரே வீட்டில் அண்ணன் தம்பி ஒரே பிளேடைப் பயன்படுத்துவது இன்னும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். மஞ்சள்காமாலை பி கிருமி காய்ந்த ரத்தத்திலும் ஒரு வாரம்போல உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும்.

தென்காசிச் சாரல்:

அக்கா, நீங்கள் கடைசியாக எழுதியதைப் படித்ததும் நெஞ்சு திக்கென்றது. முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அவருக்கு நான்தான் ஷேவ் செய்துவிடுகிறேன், வாரத்துக்கு இரண்டு முறை. செட் அவருடையது என்பதால் அதே செட், அதே பிளேடு. என் ஷேவ் முடிந்ததும் கழுவிவிட்டு அவருக்குச் செய்திருக்கிறேன். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் போடுகிறார். இரண்டு முறை தாடையில் கீறி ரத்தம் நிற்க நேரமானது. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், கண்ணை மட்டும் இறுக்கிக்கொள்வார். எரிகிறது என்று அவர் வாயால் சொல்ல முடியவில்லை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

எலக்ட்ரிக் ஷேவர் ஒன்று வாங்கினேன். அந்த அதிர்வும் சத்தமும் அவருக்கு ஆகவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என்ன செய்யட்டும்?

வெள்ளை உடுப்பு:

மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் தம்பி, இனிமேல் சரியாகச் செய்வோம்.

ரத்தம் உறையாமைக்கு மாத்திரை போடுகிறவர்களுக்கு எலக்ட்ரிக் ஷேவர்தான் முதல் வழி. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு முறை முயன்று பாருங்கள், மிஷினை அவருடைய இடது கையிலேயே கொடுத்து, ஸ்விட்ச் போடாமலேயே கன்னத்தில் வைக்கப் பழக்குங்கள். அதுவரை பிளேடுதான் என்றால், அவருக்கென்று தனிச் செட், ஒவ்வொரு முறையும் புதுப் பிளேடு. நீங்கள் பயன்படுத்தியது அவருக்கு வேண்டாம், அவருடையது உங்களுக்கும் வேண்டாம். வளரும் வாக்கில் மட்டும் ஒரே சுற்று, ஒட்ட மழிக்கத் தேவையில்லை. கீறினால் சுத்தமான பஞ்சை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. அதற்கும் நிற்கவில்லை என்றால் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். இத்தனை நாள் ஒரே பிளேடு என்பதையும் அடுத்த முறை போகும்போது அப்பாவின் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சலூன் நாற்காலி:

தம்பி, படுத்திருப்பவருக்கு ஷேவ் செய்வது தனிக் கை. தலைக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்து நிமிர்த்துங்கள். பக்கவாதம் வந்த பக்கம் கன்னம் தொங்கும், அங்கேதான் கீறும். இடது கைக் கட்டைவிரலால் தோலைக் காது பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, அரை அங்குலம் அரை அங்குலமாகப் போங்கள். வலது கன்னத்தைப் புதுப் பிளேடில் முதலில் முடித்துவிடுங்கள்.

கிழக்குத் தாம்பரம்:

யாரும் தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லையே. எங்கள் பகுதியில் போர்வெல் தண்ணீர் உப்பு. மெட்ரோ தண்ணீர் வந்த வீட்டில் இருந்தபோது ஆறு ஷேவ் வந்த அதே பிளேடு, இங்கே மாறியதும் மூன்றில் நின்றது. நுரையே கட்டவில்லை, சோப்பு திரிந்து ஒட்டியது. காய்ந்ததும் பிளேடின் வாயில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. இப்போது ஷேவுக்கு மட்டும் ஒரு சொம்பு கேன் தண்ணீர் எடுத்துக்கொள்கிறேன். நுரை தயிர்போல நிற்கிறது, ஐந்து ஷேவ் வருகிறது. தென்காசியில் தண்ணீருக்குக் குறையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் மற்றவர்களுக்குப் பயன்படட்டும்.

பழைய செட்:

தாம்பரம் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காயவைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. நான் ஒவ்வொரு ஷேவுக்குப் பிறகும் செட்டை லேசாகத் தளர்த்தி, தண்ணீர் விட்டு அலசி, நாலு உதறு உதறி, குளியலறைக்கு வெளியே வைத்துவிடுவேன். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஒரு முறை முக்கினால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். இதனால் ஷேவ் எண்ணிக்கை இரண்டு மடங்காகும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. உலோகம் தம்பி சொன்ன சில்லுகள் ஈரத்தால் வருவதில்லையே. கார்பன் எஃகுப் பிளேடு காலத்தில் மறுநாளே துரு ஏறும், அப்போது காயவைப்பது கட்டாயம். 1960களின் தொடக்கத்தில் வில்கின்சன் ஸ்வோர்ட் ஸ்டெயின்லெஸ் பிளேடு வந்து, ஜில்லெட்டும் 1963இல் அதே வழிக்கு வந்தபிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. இப்போது காயவைப்பது சுத்தத்துக்காக.

சில பிளேடுகளின் மூலைகளில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? என் தகப்பனார் அதை வைத்துத்தான் கணக்கு வைப்பார். இன்று 1 எனக்கு நேராக இருந்தால் நாளை பிளேடைத் திருப்பி 3. நான்கும் முடிந்தால் தூர எறிந்துவிடுவார்.

விலையையும் யோசியுங்கள். ஜில்லெட் 1903இல் முதன்முதலாக விற்பனையை ஆரம்பித்தபோது அந்த வருடம் முழுக்கப் போனது 51 செட், 168 பிளேடு. சாணை பிடிக்காமல் மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அந்தப் பிளேடின் பிறவி நோக்கமே. நம் ஊர்ப் பிளேடு இரண்டு மூன்று ரூபாய். நான்கு ஷேவில் மாற்றினால் ஒரு ஷேவுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. இதில் மிச்சம் பிடித்து எதை வாங்கப் போகிறோம்?

ஈரோட்டு மஞ்சள்:

அப்பா விஷயம் தெரியாமல் நீட்டலாம் என்று எழுதிவிட்டேன். என் பேச்சு என் மெல்லிய தாடிக்கு மட்டும்தான். உங்கள் வீட்டுக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பிளேடுதான் சரி தம்பி.

மாடிவீட்டு மல்லிகை:

எல்லோரும் மாற்றுங்கள் மாற்றுங்கள் என்கிறீர்கள், மாற்றிய பிளேடு எங்கே போகிறது? நான் ஷேவ் செய்பவள் இல்லை, வீட்டில் கணவரும் மகனும் செய்கிறார்கள். எங்கள் தெருவில் குப்பை பிரிக்க வரும் அம்மாவுக்குப் போன வருடம் உள்ளங்கையில் ஐந்து தையல். கையுறையைக் கிழித்துக்கொண்டு போன பிளேடு யார் வீட்டுடையது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுடையதாக இருக்குமோ என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழைய பால்பவுடர் டின்னை மூடியோடு எடுத்து, மூடியின் நடுவில் பிளேடு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல், சுற்றிலும் டேப். போட்டால் திரும்ப வராது. இரண்டு பேருக்கும் சேர்த்து இன்னும் அடிகூட நிறையவில்லை. நிறைந்ததும் கீறலை அடைத்து, மேலே பிளேடு என்று பெரிதாக எழுதி, அந்த அம்மா கையில் நேரடியாகச் சொல்லிக் கொடுப்பேன். அமெரிக்காவில் பழைய வீடுகளில் குளியலறை அலமாரிக்குப் பின்னால் ஒரு துளை வைத்து, சுவருக்குள்ளேயே பிளேடைத் தள்ளிவிடுவார்களாம். வீட்டை இடிக்கும்போது எடுக்கிறவர் கை என்னாவது? டின் போதும்.

தென்காசிச் சாரல்:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். என் கழுத்து ஆறிவிட்டது. ஒரு வாரம் பிளேடே வைக்கவில்லை, எதிர்வாக்கில் போவதையும் நிறுத்திவிட்டேன்.

குளியலறைக் கண்ணாடி ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டி, ஒவ்வொரு ஷேவுக்கும் ஒரு கோடு போட்டேன். முதல் பிளேடு ஐந்தாவது ஷேவில் அந்தத் தாடை மூலையில் நின்றது. பழைய செட் ஐயா சொன்னபடி ஒரே ஒரு கணம், அதற்கு முன்னால் கவனித்திருக்கவே மாட்டேன். இரண்டாவது பிளேடு நான்கிலேயே. மூன்றாவது ஐந்து. நடுவில் வேறு கம்பெனிப் பிளேடு ஒன்று போட்டேன், அது இரண்டாவது நாளே இழுத்தது, வைத்துக்கொண்டு யோசிக்கவில்லை. இப்போது நான்கு என்று வைத்திருக்கிறேன். டின்னும் தயார், மூடியில் கீறல் போட்டது என் மகள்.

அப்பாவுக்கு அவருடைய பழைய செட்டையே கொடுத்துவிட்டு, நான் புதிது வாங்கிக்கொண்டேன். அவருடைய மருத்துவரிடமும் சொன்னேன், இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. புதன், ஞாயிறு அப்பாவுக்கு ஷேவ். புதுப் பிளேடை அவர் கண் முன்னால் பிரிக்கிறேன், சலூன் அண்ணன் செய்வதுபோல. வெந்நீர்த் துண்டு போட்டு மூன்று நிமிடம். இரண்டு தலையணை. வலது கன்னம் முதலில்.

போன ஞாயிறு துண்டை எடுத்துத் துடைத்துவிட்டதும் இடது கையைத் தூக்கி, வலது கன்னத்தைத் தடவிப் பார்த்தார். தாடை வரை இறக்கி, திரும்ப மேலே ஏற்றி, இன்னொரு முறை. பேச்சு இன்னும் தெளிவாக வரவில்லை. 'எரியல' என்றார். அந்தப் பிளேடைக் காகிதத்தில் சுற்றி அவர் கையிலேயே கொடுத்தேன், டின்னுக்குள் அவரே போட்டார்.